பதினோரு ஜோடிச் செருப்பு

அன்றைக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

நாமக்கல் கோட்டை ரோட்டில் கொல்லிச்சாரல் வங்கியின் தலைமை அலுவலகம். மாடியில் நீள மேஜை போட்ட அறை. மேஜையின் தலைமாட்டில் சேர்மன் வெள்ளியங்கிரி. இருபதாயிரம் கோழி வைத்திருப்பவர். தீவனக் குடோனுக்கு இப்போதே கிளம்புகிறவர் மாதிரி நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் செக்ரெட்டரி சென்னிமலை. அவருக்கு முன்னால் மூன்று ஃபைல், மூன்றும் மேஜை விளிம்புக்கு நேர் கோட்டில். இடப்பக்கம் சாரதாமணி டீச்சர், மடியில் கைப்பை. அவருக்கு அடுத்து தோமினிக். பிஸ்கட் தட்டு அங்கே இருந்ததால் அவனும் அங்கே இருந்தான். மேஜையின் மறுகோடியில், கதவை ஒட்டி, கிளார்க் ஜெபமலர். அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை, தானாக அமைந்துவிட்டது.

சாரதாமணி டீச்சர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து தட்டுவார்கள். பகலெல்லாம் பன்னிரண்டு மிஷினும் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா நேரத்தில் துப்பறிய ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. தோமினிக் ஹையர் பரீட்சைக்குத் தட்ட வந்தவன். மூன்றாம் முறை தோற்ற அன்றைக்கு டீச்சர் அவனைக் கூப்பிட்டு, "இனிமேல் நீ ஃபீஸ் கட்ட வேண்டாம், என்கூட வா. உன் விரல் சரியில்லை, கண்ணு பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார்.

செக்ரெட்டரி சென்னிமலை முதல் ஃபைலைத் திறந்தார்.

"நமக்குப் பதினெட்டுக் கிளைங்க. இது எண்பத்தாறு, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்தாச்சு. நாமளும் மாறித்தான் ஆகணும். ரெண்டு வழி இருக்குது. நம்ம ஆளுகளே புரோகிராம் எழுதி நம்ம மிஷின்ல ஓட்டறது ஒண்ணு. சேலத்துல சிகரம் கம்ப்யூட்டர்னு ஒரு கம்பெனி, அவங்ககிட்ட மொத்த வேலையையும் குடுத்துடறது ஒண்ணு. ஏழு வருஷ ஒப்பந்தம்."

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார் டீச்சர்.

"எனக்குப் பிடிச்சது முக்கியமில்லைங்க. போட்டி வெச்சோம். பதினெட்டுக் கிளை பேரையும் சீட்டு எழுதிக் குலுக்கி சேர்மனே ஒண்ணை எடுத்தாரு. நாமகிரிப்பேட்டை. எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, மஞ்சள் சந்தை நாள். அன்னைக்கு அந்தக் கிளைக்கு வந்த சீட்டெல்லாம் ரெண்டு பிரதி எடுத்து, நம்ம பக்கம் புரோகிராம் எழுதின இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு, சிகரத்துக்கு ஒண்ணு. மறுநாள் காலையில ரெண்டையும் கிளையோட கை லெட்ஜருக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம்." அவர் இரண்டாவது ஃபைலைத் திறந்தார். "சிகரத்துல தப்பு ஒண்ணுகூட இல்லை. இவங்க பண்ணினதுல பதினேழு."

ஜெபமலர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஃபைலில் மெமோ இருந்தது. ஒன்பது மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பாக ஒரு புரோகிராம் எழுதியதற்கு, அல்லது வேண்டுமென்றே தப்பாக ஓட்டியதற்கு, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு போர்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அன்றைக்கே, ஜெபமலர் விஷயமும் அன்றைக்கே.

"ஏனுங்க டீச்சர்," என்றார் சேர்மன். "இந்த அம்மிணி ராத்திரி பகலா உழைச்சுது, நான் பார்த்தேன். வேற யாராச்சும் அந்தத் தட்டை, அது என்னமோ பேரு, ஃப்ளாப்பி, அதை மாத்திப் போட்டாங்களான்னு நீங்க கண்டுபிடிக்கோணும்."

"தட்டை யாரும் தொடலைங்க சார்," என்றாள் ஜெபமலர். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. "பெட்டிச் சாவி என் கழுத்துலதான் இருக்குது." சங்கிலியை வெளியே எடுத்தாள். சிலுவையும் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின.

"அங்கிருந்து திருடணும்னா," என்றான் தோமினிக், வாயில் பிஸ்கட்டோடு, "திருடன் முதல்ல சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வரணும்."

செக்ரெட்டரி சிரிக்கவில்லை. டீச்சர் சேர்மன் பக்கம் திரும்பினார்.

"உங்க பண்ணையில இருந்து கொச்சிக்கு முட்டை லாரி போகுதுங்களே. வழியில எத்தனை உடையும்?"

"நூத்துக்கு ரெண்டு. ரோடு மோசம்னா மூணு."

"ஒண்ணுகூட உடையலைன்னு டிரைவர் வந்து சொன்னா?"

"லாரி கொச்சிக்கே போகலைன்னு அர்த்தமுங்க," என்று சிரித்தார் சேர்மன். அப்புறம் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு செக்ரெட்டரியின் இரண்டாவது ஃபைலைப் பார்த்தார்.

"உங்க ஜீப்பைக் குடுங்க," என்றார் டீச்சர். "ஜெபமலருக்கும் வீடு சேலந்தானே, கூட வரட்டும். முதல்ல நாமகிரிப்பேட்டை."

*

ஜீப் ராசிபுரம் தாண்டும்வரை தோமினிக்தான் பேசிக்கொண்டு வந்தான். ஜெபமலருக்கு ஊர் சேலம் அரிசிபாளையம் என்று தெரிந்ததும், அவள் பெரியம்மா சகாயம்மாளுக்குத் தன் சித்தப்பா பத்து வருஷத்துக்கு முன்னால் விற்ற தையல் மிஷின் இன்னும் ஓடுகிறதா என்று விசாரித்தான்.

"நூல் அறுந்துக்கிட்டே இருக்குதுங்கண்ணே."

"அப்போ ஓடுதுன்னு அர்த்தம். சரி, எனக்கு ஒண்ணு புரியலை. வெளியில குடுத்தா என்ன தப்பு? நாமக்கல்காரங்க லாரியை வெச்சு ஓட்டறாங்க, பாடி கட்டறதை வெளியிலதானே குடுக்கறாங்க?"

"பாடி கட்டறதைக் குடுக்கலாம், பெயிண்ட் அடிக்கறதைக் குடுக்கலாம். இவங்க டிரைவர் சீட்டையே குடுக்கறாங்க," என்றாள் ஜெபமலர். "ஏழு வருஷத்துக்கு வட்டி எப்படிப் போடறதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். எட்டாவது வருஷம் அவங்க கேக்கறதைக் குடுக்க வேண்டியதுதான்."

"இதைப் போர்டுல சொல்றதுதானே?"

"சொன்னேன். 'பதினேழு தப்பு பண்ணினவ பேசக்கூடாது'ன்னுட்டாங்க."

முன் சீட்டில் இருந்த டீச்சர் திரும்பாமலே கேட்டார். "அந்தப் பதினேழையும் நீ திரும்ப எடுத்துப் பார்த்தியா?"

"சீட்டையெல்லாம் அன்னைக்கு சாயங்காலமே செக்ரெட்டரி வாங்கி பீரோவுல பூட்டிட்டாருங்க டீச்சர். ரெண்டு தடவை கேட்டேன். 'இனிமேல் திருத்தி என்ன பண்ணப் போறே'ன்னாரு."

"அசல் சீட்டு கிளையில இருக்குமில்ல. அது போதும்."

நாமகிரிப்பேட்டை வருவதற்கு முன்னாலேயே மஞ்சள் வாசனை வந்துவிட்டது. அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. லெட்ஜர் கிளார்க் குழந்தைவேல் கவுண்டரை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்திருந்தான். விரல் பத்தும் மஞ்சளாக இருந்தன. இந்த ஊரில் ரூபாய் நோட்டை எண்ணினாலே அப்படித்தான் ஆகும்.

டீச்சர் ஜெபமலரிடம் இருந்த பட்டியலைக் காட்டி, பதினேழு சீட்டையும் எடுத்துத் தரச் சொல்லி அவன் முன்னால் பரப்பினார்.

குழந்தைவேல் முதல் சீட்டைப் பார்த்தான். "இது தப்பான நம்பருங்க." இரண்டாவது. "இதுவும்." மூன்றாவது. "இதுவும் பழைய நம்பருங்க." சாப்பாடு ஆறிக்கொண்டிருந்த அவசரத்தில் மிச்சத்தையும் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளினான். "எல்லாம் அப்படித்தானுங்க."

"பழைய நம்பர்னா?"

"போன வருஷம் லெட்ஜர் தடிச்சு, தூக்க முடியாமப் போச்சுங்க. ரெண்டாப் பிரிச்சோம். பிரிச்சப்ப முக்கால்வாசிப் பேருக்கு நம்பர் மாறிப் போச்சு. எல்லார் பாஸ்புக்கையும் ஒட்டுக்கா வாங்கித் திருத்தியிருக்கோணும். யாருங்க கொண்டு வாராங்க? கொஞ்சப் பேரு வந்தாங்க. மிச்சச் சனம் இன்னும் பழைய நம்பரைத்தான் எழுதுது."

"பழைய நம்பரை எழுதினா நீ எப்படிச் சரியான கணக்குல ஏத்தறே?"

குழந்தைவேலுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆளைத் தெரியுமுங்களே."

ஜெபமலர் மேஜைக்குக் கிட்டே வந்தாள். "பழைய நம்பருக்கு எது புது நம்பர்னு பட்டியல் இருந்தா அனுப்புங்கன்னு ஆனி மாசமே எழுதிக் கேட்டேனே?"

"பட்டியல் எங்கீங்க இருக்குது? எல்லாம் எனக்கு முன்னால இங்க லெட்ஜர் எழுதின வீரண்ணன் தலையில இருந்துச்சு. எனக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்துப்போட்டுத்தான் ரிட்டயர் ஆனாரு."

டீச்சர் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். பிறகு ஜெபமலரைப் பார்த்து, "உன் மிஷின் தப்புப் பண்ணலை அம்மிணி. சீட்டுல எந்த நம்பர் இருந்துதோ அதுல ஏத்தியிருக்குது. தப்பு உள்ள வரும்போதே தப்பாத்தான் வந்திருக்குது," என்றார்.

ஜெபமலர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆனால் அவள் முகத்தில் தெளிவு வருவதற்குள் தோமினிக் குழந்தைவேலின் ஊறுகாயை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டான்:

"அதெல்லாம் சரிங்க டீச்சர். அதே தப்புச் சீட்டுத்தானே சிகரத்துக்கும் போச்சு? அந்த மிஷினுக்கு மட்டும் எப்படி ஆளைத் தெரிஞ்சுது? அது நாமகிரிப்பேட்டையில பொண்ணு கட்டியிருக்குதா?"

"அதைத்தான் நானும் எழுதினேன்," என்று நோட்டை மூடினார் டீச்சர். "தம்பி, வீரன் இப்போ எங்க இருக்காரு?"

"பங்குனியில ரிட்டயர் ஆனாருங்க. தலைமை ஆபீஸ்ல இருந்து வந்து மாலை போட்டு, சுவர்க் கடியாரம் குடுத்தாங்க. இப்போ சேலத்துல மருமகன் ஊட்டுல இருக்காரு. ஏதோ லாரி ஆபீஸ்ல வேலைன்னாரு."

"லாரி ஆபீஸ் பேரு என்ன?"

"அதைச் சொல்லலீங்க. ஆனா ஏசி இருக்குதாமா."

"ஏசி வெச்ச லாரி ஆபீஸ்," என்றான் தோமினிக். "சேலத்துல பிறந்து முப்பது வருஷமாச்சு, நான் பார்த்ததில்லை."

*

சிகரம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் பலகை: 'உள்ளே கம்ப்யூட்டர் இயங்குகிறது. தூசி ஆகாது. செருப்பை வெளியே விடவும்.'

மூவரும் செருப்பை விட்டார்கள். டீச்சரும் ஜெபமலரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகும் தோமினிக் வாசலிலேயே நின்றான். கோயில் வாசலில் புதுச் செருப்பைத் தொலைத்தவன் நிற்கிற மாதிரி நின்றான். பிறகு மெதுவாக உள்ளே வந்தான்.

உள்ளே ஜில்லென்று இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மிஷின், அதன் முன்னால் ஒரே ஒரு பெண். வேறு யாரும் இல்லை. இந்தப் பக்கம் சஃபாரி சூட்டில் முதலாளி அற்புதராஜ், நல்ல வாட்டசாட்டமான மனிதர். அவருடைய பூட்ஸ் மேஜைக்கு அடியிலேயே இருந்தது. முதலாளிக்குத் தூசி கிடையாது போலிருக்கிறது.

"இன்ஸ்டிடியூட்ல இருநூறு பிள்ளைங்க படிக்கறாங்க," என்று டீச்சர் ஆரம்பித்தார். "மார்க் பட்டியல் போடணும். உங்க மிஷின் செய்யுமா?"

"இருநூறா?" என்று புன்னகை செய்தார் அற்புதராஜ். "மேடம், ஒரு பேங்க்கோட ஒரு நாள் கணக்கை மொத்தமா ஒரே ராத்திரியில முடிச்சோம். தப்பு ஒண்ணுகூட இல்லை. மனுஷன் கை பட்டாத்தானே மேடம் தப்பு வரும்?"

"எத்தனை பேர் வேலை பார்க்கறீங்க?"

"நானும் அந்தப் பொண்ணும்தான். மிச்சமெல்லாம் மிஷின்."

தோமினிக் டீச்சரின் காதருகே குனிந்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சையில் பதில் சொல்கிற குரலில் சொன்னான்:

"வாசல்ல பதினோரு ஜோடி செருப்பு டீச்சர். நம்ம மூணு பேர் செருப்பையும் அந்தப் பொண்ணு செருப்பையும் கழிச்சுத்தான் சொல்றேன். எல்லாம் பென்ஷன் வாங்கற வயசுச் செருப்பு. ரெண்டு கைத்தடியும் ஒரு மங்கி குல்லாவும்கூட இருக்குது. மிஷினுக்கு ஏசியில குளிர்ந்தா குல்லா போடுமா?"

டீச்சர் முகத்தில் எதையும் காட்டவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இடது சுவரில் பச்சைத் திரை போட்ட ஒரு கதவு. மேலே 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தது. டீச்சர் அந்தத் திரைக்கு நேராகத் திரும்பி, பின் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி இருபது வருஷமாகப் பழக்கிய குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

"நாமகிரிப்பேட்டைக் கிளையில பழைய நம்பர் இருநூத்திப் பன்னெண்டுக்குப் புது நம்பர் என்ன?"

அற்புதராஜ் வாயைத் திறப்பதற்கு முன்னால் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நிதானமான, கொஞ்சம் கர்வமான ஒரு பெரியவர் குரல்.

"நானூத்தி ஏழு."

"இருநூத்திப் பதிமூணு?" என்றார் டீச்சர்.

"அது மாறலீங்க. செத்துப்போன ஆளு கணக்கு. யாருங்க கேக்கறது?"

அற்புதராஜ் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தோமினிக் போய்த் திரையை விலக்கிக் கதவைத் திறந்தான்.

உள்ளே இரண்டு வரிசை பெஞ்சு. பதினோரு பெரியவர்கள். கண்ணாடி போட்டவர்கள், பூதக்கண்ணாடி பிடித்தவர்கள், காதில் பஞ்சு வைத்தவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நீள நோட்டு. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இரண்டு பேனா. ஏசி துவாரம் வழியாகக் காற்று நேராகத் தலையில் அடித்ததால் இரண்டு பேர் துண்டை முண்டாசு கட்டியிருந்தார்கள்.

"நீங்கள்லாம் யாருங்க?" என்றாள் ஜெபமலர்.

பெயரைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் சொன்னது வேறு.

"வாழப்பாடி," என்றார் முதலில் இருந்தவர்.

"ராசிபுரம்."

"பரமத்தி."

"சேந்தமங்கலம்."

இப்படியே வரிசை போய், கடைசி ஆள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "நாமகிரிப்பேட்டை. பேரு வீரன்," என்றார்.

டீச்சர் திரும்பி அற்புதராஜைப் பார்த்தார். அவர் இப்போது நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் சொன்னார். மிஷின் வாங்கிவிட்டார். புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று ஒருவன் பம்பாயிலிருந்து வந்து முன்பணம் வாங்கிக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை. வங்கி ஒப்பந்தம் கிடைத்தால் அந்தப் பணத்தில் நல்ல ஆளாகப் பிடித்து எழுதிவிடலாம் என்று கணக்கு. அதுவரைக்கும் சமாளிக்க இந்த ஏற்பாடு. பெரியவர்கள் கையால் போட்டுத் தருவார்கள். அந்தப் பெண் அதை மிஷினில் அடித்து, ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்செடுப்பாள்.

"பதினெட்டுக் கிளையில பதினோரு கிளைக்கு ஆள் கிடைச்சாச்சு மேடம். மிச்சம் ஏழுக்கும் விசாரிச்சுட்டு இருக்கேன். குலுக்கல்ல அந்த ஏழுல ஒண்ணு வந்திருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன்."

"பேங்க்குக்குள்ள இருந்து யாரு இவங்க பேரையெல்லாம் குடுத்தது?"

"யாரும் குடுக்கலை மேடம். பேங்க் செய்தி மலர்ல அவங்களே போடறாங்களே. மாலை போட்டு, கடியாரம் குடுத்து, போட்டோ எடுத்து, பேரு, ஊரு, எத்தனை வருஷ சர்வீஸ், எல்லாம். நான் ஆறு ரூபா சந்தா கட்டி வரவழைச்சேன்."

தோமினிக் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் என்று ஜீப்பில் வரும்போது மூன்று பேரை மனதில் வைத்திருந்தான், ஒருவரும் தேறவில்லை.

டீச்சர் பெஞ்சில் வீரனுக்கு எதிரே உட்கார்ந்தார். விஷயத்தை முழுசாகச் சொன்னார்: போட்டி, பதினேழு தப்பு, மெமோ, திங்கட்கிழமை. வீரனுக்குப் போட்டி என்பதே தெரியாது. சரிபார்க்கிற வேலை என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார்கள். லாரி ஆபீஸ் என்று ஊரில் சொன்னது அற்புதராஜ் சொல்லிக்கொடுத்தது.

"நீங்க கையால போட்டதுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா இந்தப் பொண்ணுக்கு வேலை நிக்கும்," என்றார் டீச்சர்.

வீரன் மற்ற பத்துப் பேரையும் பார்த்தார். அவர்கள் நோட்டைப் பார்த்தார்கள்.

"எழுதறதுக்கு என்னங்க," என்றார் கடைசியில். "எழுதினா நாளைக்கு இந்தக் கதவைச் சாத்திப் போடுவாங்க. ஊட்டுல சும்மா உக்காந்து கடியாரம் பார்த்துக்கிட்டிருந்த ஆளுகங்க நாங்க. ரெண்டு மாசமாத்தான் காலையில சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடறோம். நான் பண்ணினதுல தப்பு ஒண்ணும் இல்லையே? சீட்டுல இருந்த தப்பைக்கூட நான் திருத்தியில்ல போட்டேன்?"

அது நியாயமான பேச்சாகவே தோமினிக்குக்குப் பட்டது.

ஜெபமலர் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கைப்பையிலிருந்து அந்தப் பதினேழின் பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கடுதாசி அப்புறம் பார்க்கலாங்க ஐயா. எனக்கு எந்த நம்பர் எந்த நம்பராச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கிளையில கேட்டா உங்க தலையில இருக்குன்னாங்க. உங்க தலைக்குத் தபால் போட விலாசம் தெரியலை."

பின் வரிசையில் வாழப்பாடி சிரித்தார். வீரனும் கொஞ்சம் இளகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து ஒவ்வொரு வரியாக வந்தார். இது இருநூத்தி நாற்பது, இப்போ நானூத்திப் பதினெட்டு. இது போர் போடற ரிக் வண்டிக்காரர், முன்னூத்தி ஆறு. இது அவர் மச்சினன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். எழுத எழுத அவர் முதுகு நிமிர்ந்தது.

பதினாறு டிக் போட்டார். பதினேழில் பேனா நின்றது.

'பாவாயி, மேட்டுக்காடு. நம்பர் 388.'

"பாவாயின்னு ரெண்டு பேரு," என்றார். அவருக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "ஓரகத்திங்க. பள்ளக்காட்டுப் பாவாயி முன்னூத்தி எண்பத்தெட்டு. மேட்டுக்காட்டுப் பாவாயி முன்னூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. சீட்டுல மேட்டுக்காடுன்னு இருந்துச்சு. நம்பர் தப்புன்னு தொண்ணூத்தி ஒண்ணுல போட்டேன். கிளையில குழந்தைவேலும் அப்படித்தான் போட்டிருப்பான், நான் சொல்லிக் குடுத்ததுதானே."

"சரிதானுங்களே?" என்றான் தோமினிக்.

"இல்லை சாமி." வீரன் கண்ணாடியைக் கழற்றினார். "தை மாசம் அவங்க வீட்டுல பாகம் பிரிச்சாங்க. அண்ணன் மேட்டுக்காட்டுக்கு வந்தான், தம்பி பள்ளக்காட்டுக்குப் போனான். பொம்பளைங்களும் கூடவே ஊடு மாறினாங்க. பத்திரத்துல சாட்சிக் கையெழுத்தே நான்தான் போட்டேன். ஊடு மாறினது எனக்குத் தெரியும். முன்னூத்தி எண்பத்தெட்டுன்னா பள்ளக்காடுன்னு மனசுல பதிஞ்சது மட்டும் மாறலை. தையில இருந்து ஆடி வரைக்கும் ஒருத்தி பணம் இன்னொருத்தி கணக்குல ஏறிக்கிட்டு இருக்குது. முதல் மூணு மாசம் என் கையால, அப்புறம் அந்தப் பையன் கையால, அன்னைக்கு மறுபடியும் என் கையால."

ஜெபமலர் பட்டியலை எட்டிப் பார்த்தாள். அவளுடைய மிஷின் பணத்தை 388-இல் ஏற்றியிருந்தது.

"உன் மிஷினுக்குப் பாவாயியையும் தெரியாது, பள்ளக்காட்டையும் தெரியாது," என்றார் வீரன். "நம்பரை மட்டும் பார்த்துது. எங்க ரெண்டு பேர் லெட்ஜரும் தப்பு. அது போட்டதுதான் சரி."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு தப்புக்கூட எழுதாதவர் என்று செய்தி மலரில் போட்டிருந்த ஆள் அவர். வீரன் பேனாவை உதறி மையைச் சரிபார்த்தார்.

"தாளைக் குடுங்க. இதை முதல் வரியா எழுதோணும். அந்தப் பாவாயி பாக்கிப் பணத்துக்கு என்னைக்காவது வந்து நின்னா, பையன் இல்லைன்னு சொல்லிப்போடுவான்."

*

டீச்சருக்கு டெலிபோனில் நம்பிக்கை கிடையாது. காகிதத்தில் எழுதி ரசீது வாங்கினால்தான் ஒரு விஷயம் நடந்ததாக அவருக்குக் கணக்கு. சிகரத்தின் மேஜையிலேயே, சிகரத்தின் டைப்ரைட்டரிலேயே, ஐந்தே நிமிஷத்தில் அடித்தார்.

'சேர்மன் அவர்களுக்கு. ஃப்ளாப்பியை யாரும் மாற்றவில்லை. ஜெபமலரின் மிஷின் சீட்டில் இருந்ததையே ஏற்றியது. பதினேழில் பதினாறு, வாடிக்கையாளர் எழுதிய பழைய நம்பர். ஒன்று, கிளையின் லெட்ஜரில் உள்ள தவறு. அதை இத்துடன் உள்ள திரு. வீரன் கடிதத்தின் முதல் வரியில் காண்க. சிகரம் நிறுவனத்தில் மிஷின் இருக்கிறது, அதற்கு வேலை தெரியாது. தங்கள் ஓய்வு பெற்ற ஊழியர் பதினோரு பேர் அங்கே கையால் கணக்கு எழுதுகிறார்கள்.

'வேலையை வெளியே கொடுப்பதா, வங்கிக்குள்ளேயே செய்வதா என்று முடிவு செய்வது போர்டின் பொறுப்பு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணக்கு தெரிந்தவர்களைத் தாங்கள் மாலை போட்டு ஏற்கெனவே வெளியே கொடுத்தாயிற்று. அவர்களை வாங்கித் திரும்பத் தங்களுக்கே விற்க ஒருவர் ஏழு வருஷ ஒப்பந்தம் கேட்கிறார். கையெழுத்துப் போடும் முன் ஜெபமலரையும் இந்தப் பதினோரு பேரையும் ஒரே மேஜையில் ஒரு மாதம் உட்கார வைத்துப் பாருங்கள். நாற்காலி தங்களிடமே காலியாக இருக்கிறது.'

அற்புதராஜ் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார். "என் பேரு அதுல வருதுங்களா மேடம்?"

"கம்பெனி பேரு மட்டும் வருது. உங்க பேரையும் சேர்க்கணுமா?"

"வேண்டாங்க."

ஜெபமலர் மெமோவுக்குப் பதில் எழுதினாள். மூன்றே வரி. கடைசி வரியில், 'நம்பர் தப்பாக இருந்தால் பெயரோடு ஒத்துப் பார்த்துக் கேட்கும்படி புரோகிராமில் நான் எழுதாதது என் குறை, திரு. வீரன் உதவினால் ஒரு வாரத்தில் சேர்ப்பேன்' என்று இருந்தது. டீச்சர் அதைப் படித்து ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

சேலம் ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். தபால் கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. வீரனும் ஜீப்பில் வந்திருந்தார். மூன்று கடிதங்களையும் ஒரே உறையில் மடித்துப் போட்டு, தோமினிக் மடலில் பசையை நக்கி ஒட்டினான். டீச்சர் அது போதாதென்று மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கி மூன்று இடத்தில் வைத்தார்.

"ரிஜிஸ்தர், அக்னாலெட்ஜ்மெண்டோட," என்றார் கிளார்க்கிடம். "திங்கட்கிழமை காலைத் தபால்ல நாமக்கல் போய்ச் சேரணும்."

கிளார்க் தராசில் வைத்தார். தபால் தலை ஒட்டினார். வீரன் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அவர் ரசீதில் எழுதிய நம்பரையும் உறையில் எழுதிய நம்பரையும் ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். முத்திரை இரண்டு தடவை விழுந்தது. உறை நாமக்கல் பைக்குள் போனது, பையின் வாயைச் சணல் சுற்றிக் கட்டினார்கள்.